பருகாத கோப்பைகள்: ஸ்ரெப்ரெனிட்சாவும் மன்னிப்பின் உரிமையும்

பீங்கான் என்னும் சொல்லைத் தமிழ்ச் சொல்லாகவே எண்ணிப் புழங்கி வருகிறோம். அது பாரசீகத்துப் 'பின்கான்' என்று மொழிநூலார் காட்டுவர். அரபிகள் தம் நாவுக்கு இசைய அதனை 'ஃபின்ஜான்' ஆக்கிக்கொண்டனர். அவர்களிடமிருந்து துருக்கியர் பெற்றனர். துருக்கியரிடமிருந்து பால்கன் மலைநாட்டு போஸ்னிய முஸ்லிம்கள் பெற்று 'ஃபில்ஜான்' என்று வழங்கினர். கிழக்கே வந்த சொல் நம்மிடம் ஒருவகைக் கலங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராய் விரிந்தது. மேற்கே சென்ற சொல்லோ ஒரே ஒரு பொருளின் பெயராய் நின்றுவிட்டது. கைப்பிடி இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு காப்பிக் கோப்பையே ஃபில்ஜான்.

அத்தகைய கோப்பைகளைக் கொண்டு ஒரு போஸ்னியப் பெண்மணி 2006ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டு வரை செய்துவந்த ஒரு காரியத்தை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம். கலையுலகம் அதனை நிறுவல் கலை என்றும், பார்வையாளரும் பங்கேற்கும் கலை என்றும் வகைப்படுத்தும். நமக்கோ அது, மன்னிப்பு என்பது யாருடைய உரிமை என்னும் பழைய வினாவை மீண்டும் எழுப்பிய நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது. அதனை உணர்ந்துகொள்ள, அந்தக் கோப்பை போஸ்னிய வீடுகளில் பெற்றிருந்த இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

போஸ்னியாவை உதுமானியர் வென்றது 1463இல். சராயேவோ நகரில் காஸி குஸ்ரவ் பேக் எழுப்பிய பெரும் பள்ளிவாசல் 1531இல் நிறைவுற்றது. 1537இல் அவர் நிறுவிய மதரஸா இன்றளவும் பாடம் நடத்தி வருகிறது. (மதரஸாவில் ஓதி வளர்ந்த நமக்கு இச்செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.) யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ரின்போது கண் விழித்திருப்பதற்காகப் பருகிய கஹ்வா, 1511இல் மக்காவில் தடைக்கு உள்ளாகி, அத்தடையையும் கடந்து, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லை அடைந்து, அங்கிருந்து பால்கனுக்குப் பரவிய வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரு சொல்லை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். போஸ்னியர் காப்பி கொதிக்க வைக்கும் நீண்ட பிடியுள்ள செம்புப் பாத்திரத்திற்கு 'ஜெஸ்வா' என்று பெயர். இதன் மூலம் அரபியின் 'ஜத்வா', அதாவது கனன்றுகொண்டிருக்கும் கொள்ளி. மூஸா நபி (அலை) அவர்கள் தூர் மலைப் பக்கம் நெருப்பைக் கண்டு, குடும்பத்தார் குளிர்காயக் கொள்ளி ஒன்று கொண்டுவரப் புறப்பட்ட நிகழ்ச்சியில் திருமறை ஆளும் சொல் அது. இறைமொழியில் வரும் ஒரு சொல் ஐரோப்பிய மலைக்கிராமம் ஒன்றின் அடுப்பங்கரையில் அன்றாடம் புழங்கியது என்பதை நினைத்துப் பார்க்கிறோம்.

போஸ்னியருக்குக் காப்பி தாகத்திற்கான பானம் அன்று. வந்தவரை வரவேற்கும் காப்பிக்கு ஒரு பெயர், உட்கார்ந்து உரையாடுவதற்கான காப்பிக்கு மற்றொரு பெயர் உண்டு. நேரமாயிற்று, விருந்தினர் புறப்படலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்தும் காப்பிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நயமாக விருந்தினரை அனுப்பி வைக்கும் வித்தை நமக்கு இன்னும் கைவரவில்லை. இவற்றினும் உயர்ந்தது 'மிகைக் கோப்பை' என்னும் வழக்கம். தட்டில் கோப்பைகளை அடுக்கும்போது இருப்பவர் தொகைக்கு மேல் ஒன்று கூடுதலாக வைப்பர். எதிர்பாராமல் யாரேனும் வந்துவிட்டால், உனக்காக எடுத்து வரப் போகிறேன் என்று அவரைக் கூசச் செய்யாதிருப்பதற்காக.

வாசலில் வருகிறவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செர்பியராகிய கீழைக் கிறிஸ்தவரும் குரோவேஷியராகிய கத்தோலிக்கரும் முஸ்லிம் வீடுகளில் காப்பி அருந்தினர். முஸ்லிம்கள் அவர்கள் வீடுகளில் அருந்தினர். அண்டை வீட்டுறவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரும் துருக்கியிலிருந்து வந்ததே. நார்வே நாட்டு மானிடவியல் அறிஞர் தோனே பிரிங்கா, மத்திய போஸ்னியாவில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்த கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தவர். போர் அக்கிராமத்தை நெருங்கிய நாட்களை 1993இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் பதிவு செய்ய உதவினார். பீரங்கி முழக்கத்தைக் காட்டிலும் அப்படத்தில் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. நெடுநாள் தோழியராகிய இரு பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காப்பிக்குச் செல்வதை நிறுத்திக் கொள்கிறார்கள். வெடி பின்னர்தான் வந்தது. கோப்பை முதலில் நின்றது.

1992 முதல் 1995 வரை நடந்த அப்போரின் முழு வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. அதன் தொடக்க மாதங்களிலேயே, 1992 மே மாதம், சராயேவோவின் கீழைத்தேயக் கல்வி நிறுவனம் குண்டு வீச்சில் எரிந்து, ஆயிரக்கணக்கான அரபி, பாரசீக, துருக்கிக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அரபி கற்பிக்கும் எவருக்கும் ஆறாத புண் அது. ஆயினும் நூல்கள் எரிந்ததைப் பேசும் நாவு, மனிதர் அழிக்கப்பட்டதைப் பேசும்போது தடுமாறுகிறது.

கிழக்கு போஸ்னியாவில் திரினா ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சிற்றூர் ஸ்ரெப்ரெனிட்சா. வெள்ளிச் சுரங்கத்தால் பெயர் பெற்ற ஊர். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் அங்கே குவிந்தனர். 1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 819ஆம் தீர்மானத்தால் அவ்வூரைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. காவலுக்கு நின்றது இலேசான ஆயுதங்கள் மட்டுமே கொண்ட நெதர்லாந்துப் படைப்பிரிவு. 1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை ஊரைக் கைப்பற்றியது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், அருகிலிருந்த பொட்டோச்சாரி என்னும் இடத்து ஐ.நா. முகாமை நாடி ஓடினர். அங்கே ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டனர். மீசை அரும்பாத சிறுவரும் அவர்களுள் இருந்தனர். காட்டு வழியே தூஸ்லா நகரை நோக்கி நடந்த பல்லாயிரவருள் பெரும் பகுதியினரும் வழிமறித்துப் பிடிக்கப்பட்டனர். பண்ணைகள், பள்ளிக்கூடங்கள், கிடங்குகள் எனப் பல இடங்களில் சில நாட்களுக்குள் கொலை நடந்தேறியது. பொட்டோச்சாரி நினைவிடக் கல் கூறும் தொகை 8,372. அதற்குப் பின் புள்ளிகள் இடப்பட்டுள்ளன, எண் முடியவில்லை என்பதற்கு அடையாளமாக.

கொன்றதோடு நில்லாமல், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இயந்திரங்களைக் கொண்டு புதைகுழிகளைத் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். இதனால் ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு, மூன்று குழிகளில் சிதறின. மரபணுச் சோதனையால் பெரும்பாலோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். 2003 மார்ச்சில் பொட்டோச்சாரியில் முதன்முறையாக 600 ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இன்று அங்கே 6,700க்கும் மேற்பட்ட கப்ருகள் உள்ளன. ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தோரிலும் சிலருக்கு இரண்டொரு எலும்புகளே கிடைத்தன. இருப்பதை அடக்கிவிடுவதா, எஞ்சியதும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்னும் முடிவை ஒரு தாய் எடுக்க வேண்டியிருந்தது. அடக்கம் பற்றிய சட்டங்களைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். இந்த இடத்தில் எந்தக் கிதாபைத் திறப்பது என்று திகைத்ததுண்டு.

இனி, அந்தக் கலைஞரைப் பற்றி. ஐதா ஷெஹோவிச் 1977இல் போஸ்னியாவின் பான்யா லூக்கா நகரில் பிறந்தவர். 1992இல் குடும்பத்துடன் அகதியாக வெளியேறி, பல நாடுகளில் அலைந்து, 1997இல் அமெரிக்கா சென்று ஓவியமும் கலையும் பயின்றார். ஸ்ரெப்ரெனிட்சாவில் கணவரையும் மக்களையும் இழந்த பெண்கள் தூஸ்லாவில் ஒரு சங்கம் கண்டிருந்தனர். ஒவ்வொரு மாதமும் 11ஆம் நாள், காணாமற்போனோர் பெயர்களைத் தலையணை உறைகளில் பூத்தையலிட்டு, அவற்றை ஏந்தி வீதியில் நடப்பவர்கள் அவர்கள். இழந்தவரிடம் எதை அதிகம் தேடுகிறீர்கள் என்று கேட்டபோது, கூட இருந்து காப்பி அருந்துவதை என்று விடை வந்தது. வீரமோ சம்பாத்தியமோ சொல்லப்படவில்லை. காலையில் எதிரே அமர்ந்து காப்பி குடித்த ஒரு மனிதர் இல்லை என்பதே குறையாகச் சொல்லப்பட்டது.

2006 ஜூலை 11 அன்று சராயேவோவின் பழங்கடைத் தெருவாகிய பாஷ்சார்ஷியாவில், அச்சங்கத்துப் பெண்கள் திரட்டிக் கொடுத்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபில்ஜான்களை ஐதா தரையில் பரப்பினார். ஜெஸ்வாவில் காப்பி கொதித்துக்கொண்டேயிருந்தது. வழிப்போக்கர் வந்து, தம் கையால் ஒரு கோப்பையில் காப்பி ஊற்றித் தரையில் வைக்கலாம். அவ்வளவே. அதை யாரும் பருகுவதில்லை. மேடை இல்லை, தலைமையுரை இல்லை. அந்நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயர் 'ஷ்டோ தே நெமா'. 'ஏன் நீ இங்கில்லை' என்பது போன்ற பொருள் தருவது. மோஸ்தார் நகரத்துக் கவிஞர் அலெக்ஸா ஷான்டிச் இயற்றி, பிற்காலத்தில் யத்ராங்கா ஸ்டோயாகோவிச் என்னும் பாடகியால் புகழ் பெற்ற பாடலின் பெயர் இது. ஷான்டிச் செர்பியர் என்பதைச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் தாய்மாரின் துயரத்துக்குப் பெயர் தேடியபோது செர்பியக் கவிஞரின் சொல்லே கைக்கு அகப்பட்டது என்றால், அந்நாடு எப்படியிருந்த நாடு, எப்படி ஆக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறு ஆண்டு கோப்பைகள் நியூயார்க் சென்றன, ஐ.நா. தலைமையகத்திற்கு. பின்னர் ஆண்டுக்கு ஒரு நகரம்: தூஸ்லா, ஹேக், ஸ்டாக்ஹோம், இஸ்தான்புல், டொரண்டோ, ஜெனீவா, பாஸ்டன், சிகாகோ, சூரிச், வெனிஸ். ஒவ்வோர் ஊரிலும் அங்கே குடியேறியிருந்த போஸ்னியக் குடும்பங்கள் தம் வீட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். பிறை பொறித்தவை, பூ வரைந்தவை, விளிம்பு தேய்ந்தவை எனக் கோப்பைகள் பெருகின. கொல்லப்பட்டோர் தொகையை எட்டும் வரை சேர்ப்பதே நோக்கம். அவ்வாறே 8,372 கோப்பைகளும் சேர்ந்தபின், 2020 ஜூலையில், கொலை நடந்து கால் நூற்றாண்டு நிறைந்தபோது, அவை பொட்டோச்சாரிக்கே கொண்டுசெல்லப்பட்டன. அதனோடு அந்தப் பயணம் முடிந்தது.

இதனை வகுப்பில் ஒருமுறை எடுத்துச் சொன்னோம். மாணவர் ஒருவர் எழுந்து, "பருகாமல் விடுவதற்கென்றே ஊற்றுவது இஸ்ராஃப் ஆகாதா, ஹஸ்ரத்?" என்று கேட்டார். முறையான கேள்விதான். வீண் விரயம் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. இது வணக்கமும் அன்று, இறந்தோருக்கு உணவு படைக்கும் சடங்கும் அன்று என்பதை மட்டும் அப்போது விளக்கினோம். பிறகு யோசித்ததில் வேறொன்று தோன்றிற்று. அந்தக் காப்பி வீணாயிற்று என்று நம் மனம் பதைத்தால், அந்தப் பதைப்புக்காகவே அது ஊற்றப்பட்டது. பருக ஒருவர் இருந்திருக்க வேண்டும், இல்லை என்பதே செய்தி. உருவச்சிலை எழுப்பினால் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். தன் கையால் ஊற்றி வைத்தவர், அது ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இம்முறை ஐதா ஒருவருக்கே உரியது என்றும் கூறோம். சராயேவோ முற்றுகை தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைந்த 2012 ஏப்ரல் 6 அன்று, நாடக இயக்குநர் ஹாரிஸ் பாஷோவிச்சின் ஏற்பாட்டில் நகரின் முதன்மைச் சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டன. அவற்றுள் 643 சிறியவை, குழந்தைகளுக்கானவை. யாரும் சொல்லாமலே மக்கள் அச்சிறு நாற்காலிகளின் மேல் பொம்மைகளையும் பூக்களையும் வைத்துவிட்டுச் சென்றனர். காலி நாற்காலியைக் கண்டால் எதையேனும் வைக்கத் தோன்றுவது மனித இயல்பு போலும்.

இனி நாம் சொல்ல வந்த இடத்திற்கு வருவோம். இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி மேனாட்டு ஏடுகள் எழுதும்போது 'ஆற்றுதல்', 'நல்லிணக்கம்' போன்ற சொற்களைத் தாராளமாக இறைக்கின்றன. அதில் நமக்கு உடன்பாடு இல்லை. சிகாகோவில் அலுவலகம் செல்லும் வழியில் நின்று காப்பி ஊற்றியவர் கொலை செய்தவர் அல்லர். அவர் கண்ணீர் உண்மையானதாயினும் அது மன்னிப்புக் கோரிக்கை ஆகாது. அந்தக் கோப்பையால் எந்தக் கடனும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அக்கோப்பைகள் சென்ற ஊர்களைச் சற்று உற்று நோக்குங்கள். நியூயார்க்கும் ஜெனீவாவும் ஐ.நா.வின் இருக்கைகள். ஹேக், காவல் காக்க வந்து கைவிட்ட நாட்டின் ஆட்சி நகரம்; குற்றவாளிகளை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயமும் அங்கேதான் இருந்தது. கடன்பட்டோர் வாசலுக்கே கோப்பை சென்றிருக்கிறது. சென்று எதையும் கேட்கவில்லை. நடந்ததை ஒப்புக்கொள்கிறாயா என்று மட்டும் ஓசையின்றி வினவியது. ஒப்புக்கொள்ளாத இடத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அரசுகளின் மன்னிப்பு வரலாறு இதனைத் தெளிவாக்கும். ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் 1999 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, நிறுவனத்தின் தவறான கணிப்பையும் தோல்வியையும் ஏற்றது. ஹேக் தீர்ப்பாயம் 2001இல் தளபதி கிர்ஸ்டிச் வழக்கில் இது இனப்படுகொலையே என்று தீர்த்தது. 2004இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. 2007 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றமும் இனப்படுகொலை நடந்ததை உறுதிசெய்து, அதனைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என்றது.

போஸ்னியாவுக்குள் செர்பியருக்கென அமைந்த பகுதியின் அரசு, விசாரணைக் குழு ஒன்றின் அறிக்கையை ஏற்று 2004 நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. 2018 ஆகஸ்டில் அதே பகுதியின் சட்டமன்றம் அவ்வறிக்கையைத் தள்ளுபடி செய்தது. கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற முடியும் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

செர்பிய நாடாளுமன்றம் 2010 மார்ச் இறுதியில் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் வாதிட்டு ஒரு தீர்மானம் இயற்றியது. 250 இடங்கள் கொண்ட மன்றத்தில் ஆதரவு வாக்குகள் 127. குற்றத்தைக் கண்டித்தது, குடும்பத்தாருக்கு இரங்கல் தெரிவித்தது, அத்துயரத்தைத் தடுக்க எல்லாம் செய்யப்படவில்லை என்பதற்காக மன்னிப்பும் கேட்டது. இனப்படுகொலை என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. 2013இல் குடியரசுத் தலைவர் தோமிஸ்லாவ் நிகோலிச், மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதாகத் தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். அவரும் அச்சொல்லைத் தவிர்த்தார். இதனை முழுவதும் பொய் என்று ஒதுக்குவது நீதியாகாது. தம் நாட்டில் வசைக்கு ஆளாகித்தான் இவ்வளவும் சொல்லப்பட்டது. எனினும் களவு கொடுத்தவனிடம், பொருளின் பெயரைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது போன்றதே அது.

நெதர்லாந்தில், அந்நாட்டு ஆய்வு நிறுவனத்தின் நெடிய அறிக்கை வந்ததும் 2002 ஏப்ரலில் விம் கோக் அமைச்சரவை பதவி விலகியது. 2022 ஜூன் மாதம் பிரதமர் மார்க் ருட்டே, போதிய ஆதரவின்றி அனுப்பப்பட்டமைக்காகத் தம் முன்னாள் படைவீரரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம், ஜூலை 11 அன்று, பாதுகாப்பு அமைச்சர் காய்சா ஒல்லோங்ரன் பொட்டோச்சாரிக்கே வந்து குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து. வீரருக்கு முன்னதாகவும் தாய்மாருக்குப் பின்னதாகவும் என்ற அந்த வரிசையை வரலாறு குறித்துக்கொள்ளும். 2024 மே 23 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ உலக நினைவு நாளாக அறிவித்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 68. ஏற்காதோரும் வாய் திறவாதோரும் சேர்ந்தால் ஏற்றோரை விஞ்சுவர்.

தனி மனிதர் எவரும் குற்றத்தை ஏற்கவில்லையா என்றால், ஒரு சிலர் ஏற்றனர். திராஜன் எர்தெமோவிச் என்பவர் போஸ்னிய செர்பியப் படையில் இருந்த குரோவேஷியர், இருபத்து மூன்று வயதினர். பிரான்யெவோ பண்ணைக் கொலையில் தாம் பங்கு கொண்டதை, யாரும் குற்றம் சாட்டுமுன்பே தாமாகச் சொன்னவர். 1996இல் ஹேக் தீர்ப்பாயத்தின் முன் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்பினார். முதலில் பத்தாண்டும், பின்னர் மறுவிசாரணையில் ஐந்தாண்டும் தண்டனை பெற்றார். ஐந்தாண்டு போதுமா என்பது வேறு. அவர் வாய் திறந்திராவிடில் அப்பண்ணையின் கதை வெளிவர நெடுங்காலம் ஆகியிருக்கும்.

அரபியில் இன்று மன்னிப்புக் கேட்டலுக்கு 'இஃதிதார்' என்பர். அதன் வேர் 'உத்ர்', அதாவது காரணம், சாக்கு. அரசுகள் கேட்கும் மன்னிப்பில் பெரும்பாலும் இவ்வேர்ப்பொருளே மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். பாதிக்கப்பட்டவர் பக்கத்துச் சொற்கள் வேறு. 'அஃப்வு' என்பது மணலில் பதிந்த சுவட்டைக் காற்று அழிப்பது போல அழித்துவிடுதல். 'மஃபிரத்' என்பது மூடி மறைத்தல். போர்வீரனின் தலைக்கவசத்துக்கும் இதே வேரிலிருந்து பெயர் உண்டு. சுவட்டை அழிக்க வேண்டுமானால் சுவடு பதிந்திருப்பதை முதலில் ஏற்க வேண்டும். குழிகளைத் தோண்டி எலும்புகளை இடம் மாற்றியவர் அழித்ததும் ஒரு சுவட்டைத்தான். ஆனால் அழிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை.

போஸ்னிய முஸ்லிம்களிடம் இதற்கு அருமையான ஒரு சொல் உண்டு. ஜனாஸாவின்போது இமாம் கூட்டத்தை நோக்கி, இறந்தவருக்கு ஹலால் செய்து கொடுக்கிறீர்களா என்று கேட்பார். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரும் அண்டை அயலாரிடம் சென்று ஹலால் கேட்பர். நம் ஊர்களிலும் ஹஜ் பயணம் சொல்ல வருபவர் வாசலில் நின்று, "ஏதும் பிழை இருந்தாப் பொருந்திக்கிடுங்க" என்று கேட்பதை அறிவோம். கேட்கும்போது முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத் தீர்மானங்களில் வழங்கும் மன்னிப்புச் சொல் ஸ்லாவிய மொழிச் சொல். ஜனாஸாவில் வழங்குவது இந்த ஹலால். ஒரே மொழி பேசும் மக்களுக்கு இரண்டு சொற்கள். இரண்டும் ஒன்றாகி விடுவதில்லை.

மார்க்க அறிஞர் 'ஹுகூகுல் இபாத்' என்று வகுத்த அடியார் உரிமைகளின் சட்டம் இங்கே துணைசெய்கிறது. மனிதனுக்கு மனிதன் இழைத்த அநீதியில், இழைக்கப்பட்டவர் பொருந்திக்கொள்ளாதவரை பொறுப்பு நீங்குவதில்லை. கொலையில் பழியைக் கோருவதும் விட்டுக்கொடுப்பதும் வாரிசுகளின் உரிமை. அவர்கள் இருக்கும்போது ஆட்சியாளர் கூட அவர்கள் சார்பில் மன்னித்துவிட முடியாது. எனவே, இரு தரப்பும் மறந்து கைகுலுக்கட்டும் என்று தொலைதூரத் தலைநகரங்களிலிருந்து அறிவுரை வழங்குவோர், தமக்கு உரிமையில்லாத ஒன்றைத் தானம் செய்கிறார்கள். ஐதாவின் கோப்பைகள் அந்த வரம்பை மீறவில்லை என்பதே நாம் அவற்றை மதிப்பதற்குக் காரணம். வழிப்போக்கரை அவை மன்னிக்கவும் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. வர முடியாத ஒருவருக்காக மிகைக் கோப்பை ஒன்றை வைக்கும்படி மட்டுமே கேட்டன. அயலார் உறவு காப்பிக் கோப்பையில்தான் முதலில் முறிந்தது என்றால், அயலாரல்லாத ஒருவர், மொழி அறியாதவர், அதே கோப்பையைத் தொட்டு நிரப்பியது சிறிய செயல் அன்று என்றே கருதுகிறோம்.

முதற்கோப்பைகளைத் திரட்டித் தந்த தூஸ்லா சங்கத்தின் தலைவியாக நெடுங்காலம் விளங்கியவர் ஹைரா சாதிச். அவருடைய மகன் நினோ செய்தியாளர். ஊர் வீழ்வதற்கு முந்தைய நாள் ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து வானொலி வழியே கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டுக் காட்டு வழியே நடந்தவர்களுள் ஒருவர். ஒவ்வொரு குழி திறக்கப்படும்போதும் அத்தாய் செய்திக்காகக் காத்திருந்தார். 2021 நவம்பரில் ஹைரா காலமானார். அதுவரை நினோவின் எலும்பு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.